பெட்டியில் எதுவும் வைக்காதவன்

ஜூலை 31, 2006, திங்கள்
தென்னாப்பிரிக்கா. எய்ட்ஸில் பெற்றோரை இழந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நினைவுப் பெட்டி கொடுத்தாயிற்று. செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகள்தான். வண்ணத்தாள் ஒட்டி, இறந்தவர்களுடையது எது கிடைத்தாலும் உள்ளே வைக்கலாம். ஒருத்தி, அம்மா பூசிக்கொண்ட வாசலினின் காலி டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோனாள். அதே பெட்டிக்குள், போன வருடம் இங்கே தன்னார்வலராக இருந்துவிட்டுப் போன பெண்ணின் புகைப்படமும் இருந்தது.

நீலத் தொப்பிக்காரன் எதுவும் வைக்கவில்லை. அம்மா ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாளாம். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 1
குளிர். மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் தலைவலி.

ஆகஸ்ட் 4
நீலத் தொப்பியின் அம்மா இறந்தது ஊரறிந்த சாவு, அவனுக்கு மட்டும் தெரியாதாம். தெரியாமலா இருக்கும்? டர்பன் நகரை அடுத்த இந்த ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கில் சனிக்கிழமை தவறாமல் எங்காவது சாவுக் கூடாரம் நிற்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பந்து விளையாடப் போகிறார்கள். சொன்னால் பிஞ்சு மனம் தாங்காது என்று பெரியவர்கள் மறைக்கிறார்கள். அவனோ, கேட்டால் பாட்டி அழுவாள் என்று கேட்காமல் இருக்கிறானோ என்னவோ.

சொல்ல வேண்டியவர் கோகோதான் (ஜூலு மொழியில் பாட்டி), நாங்கள் அல்ல. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதா, நானா!

அந்தப் புகைப்படம். அந்தப் பெண் உயிரோடுதானே இருக்கிறாள்?

ஆகஸ்ட் 9, புதன்
மகளிர் நாள் விடுமுறை. 1956இல் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் பிரிட்டோரியாவுக்குப் போன ஊர்வலத்துக்கு இன்று 50 வயது. வானொலியில் நாள் முழுக்க அதே பேச்சு. கோகோ கேட்டுக்கொண்டே சேப்பங்கிழங்கின் தோலை உரித்தார். எனக்கும் ஒரு கிண்ணம். உப்பு மட்டும்தான், அருமை.

ஆகஸ்ட் 12
ஒரே சரிவில் மூன்று கூடாரங்கள்.

ஆகஸ்ட் 15
கோகோ சொல்லிவிட்டார்.

நம் இலந்தைக்கு உறவான முள்மரம் ஒன்று இங்கே உண்டு. இறந்த மகளின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவர, அதன் கிளையை ஒடித்துக்கொண்டு டர்பன் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். மகள் உயிர்விட்ட கட்டிலருகே நின்று, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அழைத்திருக்கிறார். திரும்பும்போது டாக்சி வேனில் இரண்டு பேருக்குக் கட்டணம். ஓர் இருக்கையில் அவர், பக்கத்து இருக்கையில் கிளை. வழியில் வேறு யாரிடமும் பேசக் கூடாது, ஆனால் ஆற்றைக் கடக்கும்போது மகளிடம் சொல்ல வேண்டும். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லையாம். அவருக்கா தெரியாது?

நீலத் தொப்பி தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே கேள்வி: "அம்மா ஜன்னல் ஓரமா?"

"ஜன்னல் ஓரம்தான்" என்றார் கோகோ.

டேப்பை மறுபடி போடச் சொன்னான். போட்டேன். அந்த இடம் வந்ததும் மறுபடியும்.

ஆகஸ்ட் 16
இன்றும் பெட்டி காலி. வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 19
டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் இந்த நாட்டு அரசின் அரங்கில், நோய்க்கு அதுவே வைத்தியம் என்பதுபோல, பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் வைத்திருக்கிறார்கள்! காய்கறிக் கடையா நடத்துகிறார்கள்? அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கத் தொடங்கியதே 2004இல்தான். அதற்குள் எத்தனை வீட்டில் கோகோக்கள் மட்டும் மிஞ்சினார்கள். கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 22
நீலத் தொப்பி பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். அதில் காலுறை வைத்திருக்கிறானாம். கோகோவுக்கு ஒரே சிரிப்பு.

விசா செப்டம்பரில் முடிகிறது. புறப்படும் தேதியை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி, நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும் என்பது இங்கே விதி. நல்ல விதி. பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசலின் டப்பாக்காரி வந்து, என்னோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23
வளர்ப்பு உதவித்தொகைக்குப் பேரனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். நாளை விடியுமுன் கோகோவோடு டாக்சி பிடிக்க வேண்டும். பச்சை அடையாளப் புத்தகம், மகளின் இறப்புச் சான்றிதழ், இரண்டிற்கும் நகல். வரிசையில் நிற்கக் கோகோவுக்கு ஒரு மடக்கு நாற்காலி.