ஊட்டியில் லைன் வீடு எடுப்பது: வாடகைக்கு வெளியே இருக்கும் வாடகை

ஊட்டியில் சின்ன வீடு தேடுகிறேன் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். லைன் வீடு என்று கேளுங்கள், புரோக்கருக்கு உடனே புரியும். ஒரே கூரையின் கீழ் நாலைந்து வீடுகள், நடுவில் பொதுச் சுவர், முன்னால் ஒடுங்கிய நடை, ஆளுக்கு 250 முதல் 400 சதுர அடி. காந்தல், நொண்டிமேடு, கோடப்பமந்து, எல்க்ஹில் என்று எந்தப் பக்கம் போனாலும் கைக்கு எட்டும் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அடுக்குமாடி கட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. மலைப்பகுதியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஊரைச் சுற்றிக் காடு, தேயிலை, காய்கறித் தோட்டம். நடுவில் மிஞ்சும் இடத்திலும் சீசனில் நாள் வாடகைக்கு விடுவது லாபம் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பதால், மாத வாடகைக்கு வரும் வீடுகள் குறைந்துகொண்டே போகின்றன.

இதில் பலர் ஏமாறுவது வாடகைத் தொகையில் இல்லை. 6,500 ரூபாய் வீடு மலிவு, 8,000 ரூபாய் வீடு அதிகம் என்று முடிவெடுப்பதில்தான். மலையில் ஈரமும் நிழலும் படிக்கட்டும் தனித்தனியாக வாடகை வசூலிக்கும். அவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே எந்த வீடு மலிவு என்று தெரியும்.

எப்போது தேடுவது என்பதில் தொடங்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் தேடவே வேண்டாம். சீசன் விலையில் பேசுவார்கள், போதாததற்கு நல்ல வெயிலில் எந்தச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். ஜூன் பாதிக்கு மேல் சீசன் கூட்டம் இறங்கிவிடும், தென்மேற்குப் பருவமழையும் பிடித்துவிடும். குடையோடு போய் வீடு பாருங்கள். தவறவிட்டால் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை இருக்கிறது. கூரையில் எங்கே ஒழுகுகிறது, வாசலில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, பின்சுவர் எவ்வளவு வியர்க்கிறது என்பதையெல்லாம் மழை நாளில் யாரும் மறைக்க முடியாது.

உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பின்சுவர். லைன் வீடுகள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவருக்கு அந்தப்பக்கம் மண்ணா, காலி இடமா என்று வெளியே சுற்றிப்போய்ப் பாருங்கள். மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளியும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் இருந்தால் நல்லது. மண் சுவரோடு ஒட்டியிருந்தால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் அந்தச் சுவர் ஈரமாகவே இருக்கும். புதுப் பெயிண்டை நம்ப வேண்டாம். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதிதாக அடித்திருந்தால் அதற்குக் கீழே உப்புப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடங்களில் பூச்சு கழன்றிருக்கும். இன்னொரு இடத்தை யாரும் மறைக்க மாட்டார்கள்: பின்சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டின் திருகாணிகள். அவை துருப்பிடித்து, திருகாணியைச் சுற்றிப் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது. கதவு நிலையின் அடிப்பக்கம் ஊதி, கதவு தரையை உரசினாலும் அதே கதைதான். "சார், இது மலை ஈரம், வெயில் வந்தா சரியாயிடும்" என்பார்கள். பாதி உண்மை.

அந்தப் பாதியைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ஓரடிக்கு ஓரடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் வழியாகத் தண்ணீர் வருகிறது. நீங்கள் என்ன செய்தாலும் நிற்காது. வெளிப்பக்கத்தில் துளி இருந்தால் அது சமையலிலும் குளியலிலும் துணி காயப்போடுவதிலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. ஜன்னலைத் திறந்து வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். முழு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

தகரக் கூரை என்றால் ஒழுகலைத் தவிர இன்னொரு தொல்லை இருக்கிறது. இரவில் தகரம் குளிர்ந்து, உள்ளே இருக்கும் நீராவி அதன் அடியில் படிந்து, விடியற்காலையில் படுக்கையில் சொட்டும். மழையே பெய்யாத ஜனவரியில் "ஒழுகுகிறது" என்று புகார் சொல்வார்கள், ஆள் வந்து ஓட்டையைத் தேடிவிட்டுப் போவார். கீழே பிளைவுட்டோ அட்டையோ சீலிங் அடித்து, இடையில் காற்று போக வழி வைத்திருக்கும் வீட்டில் இது வராது.

பிறகு வெளியே மேலும் கீழும் பாருங்கள். கீழே தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டை இல்லாத தடுப்புச் சுவர் ஈரமண்ணின் எடையோடு உள்ளே தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரு கனமழை போதும். 2009 நவம்பர் நிலச்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. இந்த ஊரில் தடுப்புச் சுவரைப் பார்ப்பது சாஸ்திரத்துக்குச் செய்யும் வேலை இல்லை. மேலே பார்க்க வேண்டியது மேல்வீட்டுக்காரரின் செப்டிக் டேங்க். சரிவில் அவர் டேங்க் உங்கள் பின்சுவருக்கு நேர் மேலே வருவது சாதாரணம். கசிந்தால் உங்கள் சமையலறைச் சுவரில்தான் வந்து இறங்கும்.

வெயிலும் பணம்தான். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும். தெற்கே திறந்த ஜன்னல் இருந்தால் நாள் முழுக்க வெயில் விழும். தெற்கே மலை மறைத்தால் அந்த இரண்டு மாதமும் வீடு ஐஸ் பெட்டி. குளிர்க்காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப்பந்தய மைதானம் ஆகிய பகுதிகளில் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடக்கையில், கொஞ்சம் மேட்டில் இருக்கும் வீட்டில் வெறும் பனிதான் இருக்கும். பள்ளத்திலேயே வீடு எடுக்கத்தான் வேண்டும் என்றால் கிழக்கு வெயில் எத்தனை மணிக்கு வாசலுக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். துணி காயப்போடுபவருக்குத்தான் அது சரியாகத் தெரியும்.

இனி கரண்ட் கணக்கு. ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.7 யூனிட் ஆகும். கோயம்புத்தூரில் குழாய்த் தண்ணீரே 26 டிகிரி இருக்கும் என்று வைத்தால் அதில் பாதிதான். மூன்று பேர் தினமும் ஒரு வாளி என்றால் இரண்டு மாத பில்லில் 126 யூனிட். 1000 வாட் ஹீட்டரை இரவில் மூன்று மணி நேரம் போட்டால் 180 யூனிட். பிரிட்ஜ், விளக்கு, டிவி சேர்த்தால் 400ஐத் தொடும். அதோடு இண்டக்ஷன் அடுப்பும் வைத்தால் 500ஐத் தாண்டும். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும்; 500ஐத் தாண்டினால் அந்த நூறுக்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கும் கணக்கே மாறி, பில் ஒரேயடியாக எகிறும் என்பது முதல் குளிர்காலத்தில்தான் தெரியவரும். ஆகவே தனி மீட்டரா, சப் மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். நாலு வீட்டுக்கு ஒரே மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலித்தால் இலவச நூறு உங்களுக்கு வராது. மொத்த உபயோகமும் ஒன்றாகச் சேர்வதால் மேல் அடுக்கு விலை உங்கள் தலையில் விழும். வெயில் வரும் 8,000 ரூபாய் வீட்டுக்கும் நிழலில் இருக்கும் 6,500 ரூபாய் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேயே கரைந்துவிடும்.

வயரிங்கையும் பாருங்கள். 3 கிலோவாட் உடனடி கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 15 ஆம்பியர் பாயிண்ட்டும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் வேண்டும். பழைய லைன் வீடுகளில் லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயரிலேயே பிளக் பாயிண்ட்டும் இருக்கும். பிளக் சூடாகிப் பழுப்படித்திருந்தால் ஹீட்டரும் கீசரும் அங்கே ஓடாது.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர்ஹில் போன்ற அணைகளை நம்பியிருக்கிறது. குழாயில் தினமும் வருவதில்லை, முறை வைத்துத்தான் விடுவார்கள். உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, மார்ச்சில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இரண்டையும் கேளுங்கள். மூன்று பேருக்குத் தலைக்கு 70 லிட்டர் என்றால் நாலு நாள் இடைவெளிக்கு 840 லிட்டர் சேமிக்க வேண்டும். வீட்டில் இருப்பது 500 லிட்டர் டேங்க் என்றால் மீதி டிரம் டிரம்மாக உங்கள் சமையலறையில்தான் நிற்கும். 300 சதுர அடியில் இரண்டு டிரம் பிடிக்கும் இடத்துக்கும் நீங்கள் வாடகை தருகிறீர்கள். 1000 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். கான்கிரீட் மேடை வேண்டும், தகரக் கூரைச் சட்டத்தின் மேல் ஏற்ற முடியாது. லாரித் தண்ணீர் வாங்கலாம் என்பார்கள். லாரி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் டேங்க் வரை ஹோஸ் எட்டுமா என்பதை நடந்தே அளந்துவிடுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு வருவோம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கர் கட்டாயம், அதிலும் சமவெளியில் வைக்கும் விசிலுக்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். சிலிண்டர் பாதி தீர்ந்த பிறகு விடியற்காலையில் தீ சுருங்கும். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் முதலில் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் லேசில் ஆவியாகாது. சிலிண்டரைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் மரப்பலகையில் வையுங்கள். அதைச் சூடாக்குகிறேன் என்று தீ, ஹீட்டர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சின்ன அறை என்றால் இன்னும் சீக்கிரம். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படித்தான்.

வீடு பிடித்துவிட்டால் காகித வேலை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். பதிவு இணையத்தில் நடக்கும்; ஒப்பந்தத்தின் ஸ்கேன், இருவரின் அடையாள அட்டை, போட்டோ கேட்கும். 11 மாதத்துக்குத்தானே, பதிவு எதற்கு என்று வீட்டுக்காரர் சொல்வார். 11 மாதக் கணக்கு பத்திரப்பதிவுச் சட்டத்துக்கானது, இந்தச் சட்டத்தில் அது செல்லாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று சட்டம் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய. எனவே பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணீர், கரண்ட்டை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது; உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் கேட்டுச் சேர்க்க வேண்டியவை இரண்டு: சீசனுக்காக ஏப்ரல், மேயில் காலி செய்யச் சொல்ல முடியாது என்பது, சுவர் ஈரத்தால் உரிந்த பெயிண்டை அட்வான்ஸில் கழிக்கக்கூடாது என்பது. குடிபுகும் நாளில் எல்லாச் சுவர்களையும் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

மாத வாடகைக்குப் பதில் போக்கியம் பேசினால் இன்னும் கவனம் வேண்டும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுக்கிறீர்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் வரிசையில் பின்னால்தான் நிற்கும். வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, கட்டட அனுமதி மூன்றையும் பார்க்காமல் கொடுக்காதீர்கள். அனுமதி மீறிய கட்டடம் சீல் வைக்கப்பட்டால் முதலில் தெருவுக்கு வருவது குடியிருப்பவர்தான்.

சாமான் ஏற்றுவதற்கு முன் ரோட்டிலிருந்து வாசல் வரை படிகளை எண்ணுங்கள். லோடுமேன் கூலி படிக்கணக்கில்தான் பேசப்படும். பீரோவின் அகலத்தையும் சந்தின் திருப்பத்தையும் டேப் வைத்து அளங்கள். திரும்பாத பீரோ திரும்பக் கீழே போகும், கூலி இரண்டு தடவை. வெளி மாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இலவசம்தான். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையில் சாமான் கட்டிக்கொண்டு வந்தால் சோதனைச் சாவடியில் அவிழ்க்கச் சொல்வார்கள். சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவதால் காலி வண்டி திரும்பும் தூரத்தையும் டிரைவர் கணக்கில் சேர்ப்பார்.

உள்ளே அடுக்கும்போது கட்டிலும் துணி அலமாரியும் பின்சுவரைத் தொடக்கூடாது. நாலு விரல் இடைவெளி விடுங்கள். இடம் போகிறதே என்று ஒட்டி வைத்தால் மூன்றே வாரத்தில் அலமாரியின் முதுகில் பச்சையாகப் பூஞ்சை படரும். பின்சுவரோரம் பாத்திர ஸ்டாண்ட், இரும்பு ரேக், தண்ணீர் டிரம் வைக்கலாம். மெத்தைக்குக் கீழே பலகைகளுக்கு நடுவே சந்து இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்த வேண்டும். மதியம் 11 மணியிலிருந்து 2 மணி வரை வெயில் இருந்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூன்று மணிக்கு மூடுபனி இறங்குவதற்குள் சாத்திவிடுங்கள். குப்பைக் கூடையை இரவில் வாசலில் வைக்காதீர்கள், காட்டுமாடு தள்ளிவிட்டுப் போகும், சில பக்கங்களில் கரடியே வரும். தண்ணீர் ஹோஸ் சரிவில் கிடந்தால் அதையும் மண்ணுக்கடியில் பதித்துவிடுங்கள். மாடு மிதித்து உடைந்த ஹோஸை நகராட்சி முறைத் தண்ணீர் வரும் காலையில்தான் கண்டுபிடிப்பீர்கள்.