ஆளில்லாப் படகில் ஸ்ட்ரைனரைக் கழுவுவது யார்?

பல வருடம் சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் வியர்வை சிந்திய நான், இப்போது ஆளில்லாப் படகுகளின் இயந்திரப் பகுதியை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். கூட்டத்துக்கு வரும் கடற்படை அதிகாரிகள் கேட்பதெல்லாம் ரேடார், கேமரா, எதிரே வரும் கப்பலுக்கு வழிவிடும் மென்பொருள் பற்றித்தான். அது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது கடல்நீர் ஸ்ட்ரைனர்.

இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரை வடிகட்டும் சல்லடை அது. கரையோரக் கடலில் பிளாஸ்டிக் பை, ஜெல்லிமீன், அறுந்த வலைத் துண்டு எல்லாம் அதில் வந்து அடையும். ஆள் உள்ள கப்பலில் இது ஒரு விஷயமே இல்லை. தண்ணீர் அழுத்தம் இறங்கும். ஃபிட்டர் மூடியைக் கழற்றி, கூடையை வெளியே எடுத்துத் தட்டி, யாரையாவது திட்டிக்கொண்டே திரும்ப மூடுவார்.

ஆளில்லாத இன்ஜின் ரூம் வணிகக் கப்பல்களுக்குப் பழகியதுதான். இரவில் கீழே யாரும் இருக்க மாட்டோம். கேபினில் அலாரம் அடித்தால் டியூட்டி இன்ஜினியர் பாய்லர் சூட் என்ற வேலை உடையை மாட்டிக்கொண்டு ஓடுவார். நான்கு மாடி இறங்கினால் இன்ஜின். அந்தத் தூரத்தைத்தான் கடற்படைகள் ஆயிரம் மைலாக்கப் பார்க்கின்றன.

அமெரிக்காவின் ஆளில்லாக் கப்பல் சீ ஹண்டர், சான் டியாகோவிலிருந்து ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் ஹார்பர் போய்த் திரும்பியதாக 2019-இல் செய்தி வந்தது. நடுவே துணைக் கப்பலிலிருந்து ஆட்கள் சிறிது நேரம் ஏறியிருக்கிறார்கள். எதற்கு? மின்சாரத்தையும் உந்து இயந்திரத்தையும் பார்க்க. படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த நாட்டு நாடாளுமன்றமே, பெரிய ஆளில்லாக் கப்பலுக்கான இன்ஜின் 720 மணி நேரம் பராமரிப்பே இல்லாமல் ஓடிக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. 30 நாள்! 2024 அக்டோபரில் நம் நாட்டின் ஆளில்லாப் படகு மாதங்கி மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு, சுமார் 1,500 கிலோமீட்டர் பயணத்துக்குக் கிளம்பியபோது நான் நினைத்ததும் வழியிலுள்ள மீன்வலைகளைத்தான்.

"சென்சார் போட்டால் போதாதா?" என்பார்கள். அடைத்துவிட்டது என்று சென்சார் சொல்லும், சரி. எடுப்பது யார்? அதனால் இரண்டு ஸ்ட்ரைனர் வைத்து, ஒன்று அடைத்தால் மற்றதற்குத் தானாக மாறும்படி வால்வு போட்டோம். இப்போது அந்த வால்வு சிக்கினால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

படகோடு கூடப் போகும் போர்க்கப்பலில் படகுக்கென ஒரு ஃபிட்டர் வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'ஆளில்லா' என்ற தலைப்பின் கீழ் ஆள் கேட்பதா என்று அடித்துவிட்டார்கள். மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.