சம்பளச் சீட்டில் 30, பாஸ்புக்கில் 4

மார்த்தாண்டத்திற்கு அருகே ஒரு முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில், கணக்கராக இருக்கிறேன். கடந்த டிசம்பர் 5ஆம் தேதி மாலை, தரம் பிரிக்கும் பிரிவைச் சேர்ந்த அக்கா ஒருவர் நவம்பர் மாதச் சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் என் மேசையில் விரித்து வைத்தார். “சாரே, சீட்டுல முப்பதாந் தேதி பைசா தந்ததாட்டு கிடக்கு, பாஸ்புக்குல நாலாந் தேதியாக்கும் ஏறியிருக்கு. லோனுக்குக் கொடுத்தா பேங்குல கேக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். அந்தச் சீட்டை அச்சடித்துக் கையெழுத்திட்டவன் நான்தான் என்றாலும், அதிலிருந்த தேதியை அதுவரை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

பணம் தாமதமானதற்குக் காரணம் இருந்தது. 2ஆம் தேதி மாலை சம்பளப் பட்டியலை வங்கித் தளத்தில் ஏற்றினேன். மறுநாள் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கான உள்ளூர் விடுமுறை. செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராத விடுமுறை என்பதால் வங்கிகள் திறந்திருந்தன; ஒப்புதல் தரவேண்டிய முதலாளிதான் கோட்டாறில் இருந்தார். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் ஊதியம் வழங்க வேண்டும் என்ற சட்ட வரம்பை நாங்கள் மீறவில்லை. அப்படியானால் சீட்டில் 30 எங்கிருந்து வந்தது?

சம்பளக் கணக்கு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, ஊதியக் காலத்தின் கடைசி நாள், கணக்கிட்ட நாள், பணம் வழங்கிய நாள் என மூன்று தேதிகள் தனித்தனியே இருப்பதும், மூன்றாவதை யாரும் நிரப்பாவிட்டால் முதலாவதையே மென்பொருள் எடுத்துக்கொள்வதும் தெரிந்தது. இன்னொரு கோளாறும் அகப்பட்டது. விடுப்புத் திருத்தத்துக்காக இருவருடைய சம்பளத்தை அன்று காலையில்தான் மறுபடியும் கணக்கிட்டிருந்தேன்; அதனால் அவர்கள் சீட்டில் கணக்கிட்ட நாள் 5 என்று மாறி, பணம் கொடுத்த பிறகே கணக்குப் போட்டதுபோல் காட்சியளித்தது. முன்பு கணக்கிட்ட தேதி, மென்பொருளின் மாற்றப் பதிவேட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டும் ஊதிய மாதத்தைப் பொறுத்தவை. 15ஆம் தேதிக்குள் கட்டினால் போதும் என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. என்னைக் கலங்க வைத்தது மேலாளர்கள் இருவரின் வருமான வரிப் பிடித்தம். சம்பளத்தில் அந்த வரியைப் பணம் வழங்கும்போதுதான் பிடிக்க வேண்டும். டிசம்பர் 4 அன்று வழங்கிய சம்பளத்துக்கான வரியை ஜனவரி 7க்குள் கட்டினால் போதும். மென்பொருளோ அதை நவம்பர் பிடித்தமாகக் காட்டி, டிசம்பர் 7க்குள் கட்டச் சொல்லியிருந்தது. நல்லவேளையாகச் சலான் கட்டியிருக்கவில்லை.

எல்லா மாதத்துக்கும் 5ஆம் தேதி என்று நிலையாக அமைத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன்; ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாகிவிடும் என்று கைவிட்டேன். இப்போது வழங்கிய நாளுக்கான இடம் வெற்றாகவே இருக்கும். வங்கி அறிக்கையில் பணம் போன தேதியைப் பார்த்து நானே பதிந்த பிறகுதான் சீட்டை அச்சடிக்கிறேன். திருத்தம் வேண்டியிருந்தால் பழைய கணக்கை மறுபடி ஓட்டாமல், அடுத்த மாதத்தில் நிலுவையாகச் சேர்க்கிறேன்.

நவம்பர் சீட்டுகளை எல்லோரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தேன். அந்த அக்கா தேதியைப் பார்த்ததோடு நிற்காமல், தொகையையும் பாஸ்புக்கில் விரல் வைத்து ஒப்பிட்ட பிறகே போனார்.