பரிந்துரைச் சீட்டு

எங்கள் மார்மன் சபையில் ஆலயப் பரிந்துரை என்று ஒரு சீட்டு உண்டு. பர்ஸில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். அது இருந்தால்தான் மார்மன் ஆலயத்துக்குள் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்; ஆலயம் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்ச் சபைக்குத் தலைவரான பிஷப்பும், அப்புறம் பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த ஸ்டேக்கின் தலைவரும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என் சீட்டு இந்த மாதத்தோடு முடிகிறது. வரும் மாதங்களில் மகளுக்குக் கல்யாணம்.

முத்திரிப்பு என்கிற கல்யாணச் சடங்கு ஆலயத்துக்குள்தான் நடக்கும். சாகும்வரை என்று இல்லை, அதற்கப்புறமும் சேர்ந்தே இருப்பதற்கான கட்டு அது. சீட்டு இல்லாதவர் பெற்ற தகப்பனே ஆனாலும் வெளியேதான். யூட்டாவுக்கு வந்த புதிதில், அமெரிக்கன் ஃபோர்க்கில் மவுண்ட் டிம்பனோகஸ் ஆலயத் தோட்டத்து பெஞ்சில் கோட்டு சூட்டோடு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவாம். ஊரையே கூட்டிக் கல்யாணம் செய்கிற இடத்திலிருந்து வந்தவனுக்கு அது ஜீரணிக்கவே இல்லை.

கேள்விகள் ரகசியம் இல்லை. 2019 அக்டோபர் சபை மாநாட்டில் அப்போதைய சபைத் தலைவர் நெல்சன் மேடையிலேயே வாசித்தார். தசமபாகம் முழுதாகக் கொடுக்கிறாயா? கொடுக்கிறேன், சம்பளத்தில் பத்தில் ஒன்று போய்விடுகிறது. காபி, டீ, மது, புகை? கோயம்புத்தூரில் ஞானஸ்நானம் வாங்கிய அன்றோடு ஃபில்டர் காபியை விட்டவன் நான். சபை மாறியதைக்கூட அம்மா மன்னித்துவிட்டார், காபியை விட்டதை இன்னும் இல்லை. மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். சுவிசேஷம் திரும்ப நிலைநாட்டப்பட்டது என்ற சாட்சி உனக்கு இருக்கிறதா? சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் மூலம் என்பது அதன் பொருள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கேள்வி வரும்: எல்லாவற்றிலும் நேர்மையாக இருக்க முயல்கிறாயா? முதலாவதுக்கு நான் ஆமாம் என்றால் இரண்டாவதுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே யாராவது தயங்கினாலே, யார் மனம் நோக வைத்தது என்றுதான் கேட்பார்கள். யாரும் இல்லை. கொரோனா காலத்தில் ஆராதனை வீட்டுக்குள் சுருங்கியபோது, சபை தன் இணையதளத்திலேயே 2013 முதல் வெளியிட்டிருந்த கட்டுரைகளை உட்கார்ந்து படித்தேன். அவ்வளவுதான். தொப்பிக்குள் கல்லை வைத்துப் பார்த்து எங்கள் வேதமான மார்மன் புஸ்தகத்தை ஜோசப் மொழிபெயர்த்தது, பதினைந்து நிரம்பாத பெண் உட்பட ஜோசப்பின் பல மனைவியர், எல்லாம் அதில் இருக்கிறது. 1835-ல் மம்மிகளோடு வாங்கிய பாப்பிரஸ் சுருள்களில் ஆபிரகாமின் எழுத்து இருப்பதாகச் சொல்லித்தான் அவர் எங்கள் இன்னொரு வேதமான ஆபிரகாமின் புஸ்தகத்தைத் தந்தார். அதன் துண்டுகள் சில 1967-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்குத் திரும்பி வந்தன. எகிப்திய எழுத்து தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தால், பிணத்தோடு வைக்கும் சடங்கு ஏடு. சபையின் கட்டுரையே இதை மறுக்கவில்லை.

இதெல்லாம்கூட மூளைக்குள் சுற்றிக்கொண்டிருந்த விஷயம். உடம்பில் உறைத்தது வேறு. மார்மன் புஸ்தகத்தில் இரண்டாம் நேபி ஐந்தாம் அதிகாரத்தில், கீழ்ப்படியாதவர்களின் தோல் கறுத்துப்போனது என்று வருகிறது. இன்னோர் இடத்தில், மனம் திரும்பினால் 'வெள்ளையாக' ஆவார்கள் என்று இருந்ததை 1981 பதிப்பில் 'தூய்மையாக' என்று மாற்றினார்கள். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்ற தடை நீங்கியதே 1978-ல்தான். அந்தத் தடை இந்தியர்களுக்கு இல்லை, உண்மைதான். ஆனால் ஞாயிறு வகுப்பில் அந்த அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அந்த அறையிலேயே கறுப்பு நான் ஒருவன்தான். வாசித்தேன். எல்லோரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நண்பன் கேட்கிறான். அவனுக்கு அப்பா விஷயம் தெரியாது.

அப்பா சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர், சேகரக் கமிட்டியில் இருந்தவர். அவர் இறந்த அடுத்த வருடம்தான் வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாக இரண்டு மார்மன் ஊழியக்காரப் பையன்கள் வந்து, குடும்பம் சாவோடு முடிவதில்லை என்று சொன்னார்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன். இங்கே வந்தபின் அப்பாவுக்காக நானே பதிலாள் ஞானஸ்நானம் எடுத்தேன். பன்னிரண்டு எருதுச் சிலைகள் முதுகில் தாங்கும் தொட்டி. வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன். நடத்தி வைத்த பெரியவருக்கு அப்பா பெயரின் முதல் எழுத்தான 'ஞா' வரவே இல்லை. நிறுத்தி, சொல்லித் தரச் சொல்லிக் கேட்டார். உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். சரியாக வந்த பிறகுதான் என்னை முழுக வைத்தார். ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கிய மனிதருக்கு இன்னொன்று எதற்கு, அவரை யார் கேட்டார்கள் என்று இன்று எனக்கே கேள்வி இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் என் அப்பா பெயரைச் சரியாகச் சொல்ல அவ்வளவு பாடுபட்டாரே, அதைப் பொய்க் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை.

கடிதம் கொடுத்துச் சபைப் பதிவிலிருந்து பெயரை நீக்கலாம். சுலபம்தான். நீக்கினால் மனைவியோடு எனக்குள்ள முத்திரிப்பும் அதோடு ரத்து. எனக்கு அது வெறும் பதிவு. அவளுக்கு, செத்த பிறகு நான் பக்கத்தில் இருப்பேனா மாட்டேனா என்கிற கணக்கு. என் மனசாட்சிக்கான செலவை அவள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. 'உங்கள் சந்தேகங்களை முதலில் சந்தேகியுங்கள்' என்று 2013-ல் சபைத் தலைவர்களில் ஒருவரான உக்டார்ஃப் சொன்னதை எடுத்து நீட்டுகிறவர்களும் சரி, ஒரே நாளில் வெட்டிவிடு என்கிறவர்களும் சரி, இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இவ்வளவு நாளும், மகள் கல்யாணத்துக்காகவாவது புதுப்பித்துவிடலாம் என்று ஒரு சாக்கு இருந்தது. அதையும் அவளே எடுத்துவிட்டாள். "அப்பா, முதல் நாள் எல்லாருக்கும் முன்னாடி சிவில் கல்யாணம் வெச்சுக்கலாம். மறுநாள் ஆலயம். இப்ப ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம்" என்றாள். முன்பு இங்கே சிவில் கல்யாணம் செய்தவர்கள் ஆலய முத்திரிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்; 2019 மே மாதம் மாறிய விதி அது. எனக்காகத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

போன வாரம் பிஷப்பிடம் சொன்னேன். பகலில் பல் மருத்துவர், சபை வேலைக்குச் சம்பளம் கிடையாது. நேர்மைக் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள்தானே என்றார். வருவேன். சீட்டு இல்லாமல், பெயரையும் நீக்காமல். இது கோழைத்தனம் என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள், சொல்லட்டும்.

வீட்டில் இப்போது பிரச்சினை வேறு. சிவில் கல்யாணம் என்றதும் தாலி உள்ளே வந்துவிட்டது. தாலியில் சிலுவை இல்லாமல் எப்படி என்று கோயம்புத்தூரிலிருந்து அம்மா. எங்கள் சபையில் சிலுவை அணிகிற வழக்கம் இல்லை என்று மனைவி. பெரிய கடை வீதி ஆசாரி என்ன டிசைன் என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புறா போடலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.