சக்கையை எங்கே வைத்திருக்கிறது?

நாகர்கோவிலில் விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் சிறிய அமைப்பு ஒன்று உண்டு. யார் அழைத்தாலும் கேள்வியையும் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். அப்படிச் சேர்ந்த சுமார் நாலாயிரம் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியதோடு சரி, தேடினால் கிடைக்காது. 'வாழை இலை மஞ்சளாகிறது' என்று தேடினால் 'ஏத்தன் இலை பழுக்கிறது' என்று எழுதிய குறிப்பு எட்டிப் பார்க்காது. அதைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது.

எழுத்தை ஒப்பிடாமல் பொருளை ஒப்பிட்டுத் தேடலாம் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். எம்பெடிங் மாடல் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் எண்வரிசையாக மாற்றிவிடும். நான் எடுத்துக்கொண்ட மல்டிலிங்குவல் இ5 மாடலின் நடுத்தர வடிவில் ஒரு வாக்கியத்துக்கு 768 எண்கள். பொருள் நெருங்கிய வாக்கியங்களின் எண்வரிசைகள் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். கேள்வியையும் அப்படியே மாற்றி, அது பார்க்கும் திசையில் நிற்கும் குறிப்புகளைப் பொறுக்கி எடுத்தால் முடிந்தது. அங்கே தொலைபேசியை எடுக்கும் அண்ணாச்சியிடம் இதை விளக்கினேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மக்களே, அது சக்கையை எங்கே வைத்திருக்கிறது?" என்றார்.

எங்கள் ஊரில் சக்கை என்றால் பலா. 'சக்கைப் பிஞ்சு உதிர்கிறது' என்று அடித்துக் காட்டினேன். முதலில் வந்தது கரும்புச் சக்கையை மட்கவைப்பது பற்றிய குறிப்பு. பலா எட்டாவது இடத்தில் இருந்தது. அண்ணாச்சி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அடுத்த அழைப்பை எடுக்கப் போய்விட்டார்.

பழியை மாடல் மேல் போடுவதற்கு முன் என் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலுக்குக் கொடுக்கும் கேள்வியின் முன்னால் 'குவெரி' என்றும் குறிப்பின் முன்னால் 'பாசேஜ்' என்றும் அடையாளம் சேர்க்க வேண்டும். அதன் விளக்கத்தாளிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. நெருக்கத்தின் அளவு 0.7க்கு மேல் இருந்தால் பொருத்தம் என்று ஒரு கோடும் கிழித்திருந்தேன். இந்த மாடலோ பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் நடுவிலேயே மதிப்பெண் போடும் பழக்கம் உள்ளது. ஆட்டுக்கும் ஆட்டோவுக்கும்கூட அது தாராளமாகப் பாஸ் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணின் அளவை விட்டுவிட்டு வரிசையை மட்டும் பார்க்க வேண்டும் என்று புரிய ஒரு வாரம் போனது. வெக்டார் எனப்படும் இந்த எண்வரிசைகளுக்கென்றே தனித் தரவுத்தளம் ஒன்றை நிறுவியதும் வீண். நாலாயிரம் குறிப்புகளின் எண்கள் மொத்தமும் 12 மெகாபைட்தான், கல்யாண வீட்டில் எடுத்த மூன்று புகைப்படங்களின் அளவு.

குறிப்புகளிலும் சிக்கல் இருந்தது. ஒரே அழைப்பில் வாழைக்கு உரம், மாட்டுக்குக் காய்ச்சல், தென்னையில் வண்டு என்று மூன்றையும் கேட்பார்கள். மூன்றும் ஒரே பத்தியில் இருக்கும். அதை மொத்தமாக எண்ணாக்கினால் அவியல்தான். எங்கள் ஊர் அவியலிலாவது எது முருங்கை, எது சேனை என்று தெரியும். கேள்வி கேள்வியாகப் பிரித்த பிறகு பாதிப் புகார்கள் தாமாகவே போய்விட்டன.

ஆனால் சக்கை இன்னும் கரும்பிலேயே கிடந்தது. மரச்சீனியும் அப்படித்தான், சர்க்கரையையும் மரக்கன்றையும் கொண்டுவந்து கொட்டியது. நூறு மொழிகளுக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் துண்டுகள் கொண்ட சொற்பட்டியலை வைத்துத்தான் இந்த மாடல் எல்லாச் சொல்லையும் வெட்டிப் படிக்கிறது. அதிகம் பார்த்திராத சொல் துண்டுதுண்டாகிவிடும். இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பாலும் மரவள்ளிதான். மரச்சீனி என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருப்போம்?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவருக்கு மலையாளம் எழுதத் தெரியும். ஒரு மதியம், சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டே, "அதை மலையாள எழுத்தில் அடித்துப் பார்ப்போமா?" என்றார். விளையாட்டாகத்தான். அவர் அதே மரச்சீனியை மலையாளத்தில் அடித்தார். திரையில் முதல் ஐந்து குறிப்புகளும் மரவள்ளி. அவற்றில் ஒன்றில்கூட மலையாளம் கிடையாது, எல்லாம் தமிழ்க் குறிப்புகள். சக்கையை அடித்தார், பலா முன்னால் வந்து நின்றது. சோறு ஆறிப்போனது.

யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. மலையாளத்தில் மரச்சீனி புத்தகச் சொல், சக்கை அன்றாடச் சொல். மரச்சீனியைத் திருவிதாங்கூர் முழுவதும் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்வார்கள். அந்தத் திருவிதாங்கூரில்தான் நாங்களும் இருந்தோம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சொற்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. மாடலுக்கு எங்கள் சொல் தெரிந்தே இருந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் வந்தபோதுதான் அடையாளம் தெரியவில்லை.

உடனே எல்லாக் கேள்விகளையும் மலையாள எழுத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். சொல் ஒத்துப்போகும், வினை ஒத்துப்போகாது. கடைசியில் அண்ணாச்சியிடமே போய் நின்றேன். அவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்: சக்கை, பலா. மரச்சீனி, மரவள்ளி. அண்டி, முந்திரி. சாளை, மத்தி. மீன் எதற்கு என்று கேட்டேன். "தெங்குக்கு உரம் போடுகிறவன் கேட்பான்" என்றார். தெங்கு, தென்னை என்பதும் சேர்ந்துகொண்டது. கேள்வியில் இடப்பக்கச் சொல் வந்தால் வலப்பக்கச் சொல்லையும் கூடவே சேர்த்து அனுப்பும்படி செய்தேன்.

'பால்' மட்டும் பட்டியலுக்கு அடங்கவில்லை. குலசேகரம் பக்கத்திலிருந்து 'மழைக்காலத்தில் பால் குறைகிறது' என்று ஒருவர் கேட்டால் அது பசுவா, ரப்பரா? சிரட்டை, பட்டை, வெட்டு என்று பக்கத்தில் ஏதாவது சொல் இருந்தால் மாடலே கண்டுபிடித்துவிடுகிறது. இல்லாவிட்டால் அதற்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை. அண்ணாச்சி தொலைபேசியில் என்ன செய்வார் என்று கவனித்தேன். "மாடா, மரமா?" என்று கேட்பார். திரையிலும் அதே இரண்டு பொத்தான்களை வைத்தேன்.

எண்கள் வந்தாலும் எம்பெடிங் தடுமாறும். 17-17-17 உரத்தைக் கேட்டால் வேறு எண் போட்ட உரமும் வரும், அதற்கு எல்லாம் உரம்தான். எனவே பழைய சொல்வழித் தேடலையும் கூட ஓடவிட்டு, இரண்டு வரிசைகளையும் கலந்து ஒரே வரிசையாக்கினேன்.

என்னை உண்மையிலேயே பயப்படுத்தியது ஆடு. 'மரச்சீனி இலையை ஆட்டுக்குக் கொடுக்கலாமா' என்ற கேள்விக்கு இரண்டு குறிப்புகள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு வந்தன. ஒன்று, நன்றாக வெயிலில் உலர்த்திய இலையைக் கொடுக்கலாம் என்றது. மற்றது, பச்சை இலையைக் கொடுக்கக் கூடாது என்றது. பச்சை இலையில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது, ஆடு சாகும். 'கொடுக்கலாம்' என்பதற்கும் 'கொடுக்கக் கூடாது' என்பதற்கும் இந்த மாடல் பெரிய தூரம் வைப்பதில்லை. இரண்டும் ஆடு, இலை, தீனி பற்றியவை, அவ்வளவுதான். முதல் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு 'உலர்த்திய' என்ற சொல்லைத் தாண்டிப் படித்தால் என்ன ஆகும்?

இப்போது ஆடும் மரச்சீனியும் ஒரே கேள்வியில் வந்தால், இரண்டு குறிப்புகளும் பக்கம்பக்கமாக, சிவப்புக் கட்டத்துக்குள், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். நான்கு வரி நிரல். அதில் எம்பெடிங் எதுவும் இல்லை, அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.