ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்தயக்கீரை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பசாரில் வெந்தயக்கீரை எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தாலும் பாதி வாடியிருக்கும். அதனால் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, ஊறவைத்த வெந்தயத்தை நானே தூவிவிட்டேன். மூன்றாம் நாள் முளை வந்தது. சாயங்கால மழை அடித்து முதல் தடவை எல்லாம் அழுகிப்போயிற்று. இப்போது டப்பா கூரைக்கு அடியில்.

மூன்று வாரத்தில் பறித்துவிடுவேன். தண்டை விட்டு இலையை மட்டும் ஆய்ந்து, சின்ன வெங்காயம், பூண்டோடு வதக்கி, மலர வெந்த பாசிப்பருப்பில் கொட்டிக் கிளறி, கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். உப்புப் போட்டுப் பிழிந்து கசப்பை எடுப்பவர்கள் உண்டு. கசப்பில்லாமல் எதற்கு இந்தக் கீரை?

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். வெந்தயத்தின் நார்ச்சத்து இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். அந்த வேலை இலையைவிட விதையில்தான் அதிகம். கீரை சாப்பிடுகிறோமே என்று அம்மா மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை.

பக்கத்து வீட்டுக் கிளந்தான் மாநிலத்து அக்கா நாசி டாகாங் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் 'ஹல்பா' போடுவார். அதே வெந்தயம்தான். இலையைக் காட்டினேன். “இதையும் சாப்பிடுவீர்களா?” என்றார். ஒரு கிண்ணம் கூட்டு கொடுத்தனுப்பினேன், கிண்ணம் இன்னும் திரும்பவில்லை.