பச்சைத் திரையும் ஒற்றை எழுத்தும்

நேற்று இரவு பதினொன்றரைக்கு போன். "சார், சிஸ்டம் தொங்கிடுச்சு, ஒரு இன்வாய்ஸ்கூட வரல."

அவர்கள் ஆபீஸில் ஓடுவது ஏஎஸ்/400, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து காட்டும் ஐபிஎம்மின் வணிகக் கணினி. அது அவ்வளவு லேசில் தொங்காது. வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் காட்டும் ஆக்டிவ் ஜாப் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்க, பிரின்டருக்கு அச்சு வேலைகளை அனுப்பும் புரோகிராமான பிரின்டர் ரைட்டர் மட்டும் எம்எஸ்ஜிடபிள்யூ என்று நின்றது. அதாவது பதிலுக்காகக் காத்திருக்கிறது. மெசேஜைத் திறந்தால், "தாள் நேராக இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்ற பழைய கேள்வி! "தாளைப் பார்த்தீங்களா?" "நேராத்தான் இருக்கு சார்." ஜி என்று ஒற்றை எழுத்தைத் தட்டினேன், 'தொடர்ந்து அச்சடி' என்று அர்த்தம். போனிலேயே பிரின்டர் சத்தம் கேட்டது.

1988-இல் வந்த இயந்திரம். 1995-இல் பிராசசரையே 48 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றினார்கள். பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை சோர்ஸ் (எழுதிய மூல நிரல்) கூட இல்லாமல் அப்படியே ஓடின. இன்று அதன் இயங்குதளத்தின் பெயர் ஐபிஎம் ஐ. எங்கள் வாயில் இன்னும் ஏஎஸ்/400தான்.

இதில் எனக்குப் பயம் ஒன்றே ஒன்று, டிஸ்க். தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். பாதி நேரம் காரணம், யாரும் அழிக்காத ஸ்பூல் ஃபைல்கள், அதாவது அச்சடிப்பதற்காகச் சேமித்து வைத்த ஃபைல்கள். அப்புறம், அந்த எச்சரிக்கையும் தாள் கேள்வி காத்துக் கிடந்த, யாரும் திறந்து பார்க்காத அதே மெசேஜ் க்யூவுக்குத்தான் (மெசேஜ்கள் வந்து சேரும் வரிசை) போகிறது.